வால்சக்கர விமானம்: வீட்டு சிமுலேட்டரா, நிஜ ஓடுபாதையா?

அக்கா மகன் ஒருவன் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறான். இன்ஜினீயரிங் முடித்த கையோடு விமானி ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, வீட்டில் சம்மதமும் வாங்கிவிட்டான். அடுத்த ஆண்டு பயிற்சிக்கு அமெரிக்கா போகிறான். போன மாதம் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தவன், காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, எங்கிட்ட ஒன்றரை லட்சம் தனியா இருக்கு. நல்ல கம்ப்யூட்டர், பெடல், விஆர் கண்ணாடி எல்லாம் வாங்கி, டெயில்வீல் பிளேன வீட்லயே ஓட்டிப் பழகிட்டா, அங்க போயி அதுக்குத் தனியா செலவழிக்க வேண்டாம்லா? என்ன சொல்லுதீய?"

அன்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். அவனைப் போலவே யோசிக்கிற பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம் உண்டு. டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் தனியார் விமானி உரிமம் எடுத்து, அப்புறம் சிட்டாப்ரியா என்ற இரண்டு இருக்கை விமானத்தில் ஒன்பது மணி நேரம் டெயில்வீல் பழகினேன். ('ஏர்பேட்டிக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதினால் வரும் பெயர் அது. விமானத்தின் தலைகீழ் வித்தைகளுக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.) ஊர் திரும்பிய பிறகு நான்கு வருடமாக மாடி அறையில், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்தான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இன்று பயிற்சிப் பள்ளிகளில் நிற்கும் செஸ்னா 152, 172, டயமண்ட் டிஏ40 எல்லாவற்றிலும் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் இருக்கும். டெயில்வீல் விமானத்தில் அது வாலுக்குப் போய்விடும், அதுவும் குட்டிச் சக்கரமாக. ஆகவே தரையில் வாலைத் தாழ்த்தி, மூக்கால் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். டைகர் மாத், பைப்பர் கப், ஸ்பிட்ஃபயர், டகோட்டா எல்லாம் இந்த ரகம். 1932இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்துக்கும் மூக்கில் சக்கரம் கிடையாது. நம் அரசு விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் 1950களில் செய்த எச்டி-2, புஷ்பக் இரண்டும் வால்சக்கரம்தான். கயத்தாறு பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறதே, அதைப் போட்ட நாளில் விமானம் என்றாலே பெரும்பாலும் இப்படித்தான் நின்றிருக்கும்.

வானத்தில் ஏறிவிட்டால் இரண்டு ரகத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வம்பு முழுவதும் தரையில். மூக்குச் சக்கர விமானத்தின் எடை மையம், நடுவில் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. ஓடும்போது கொஞ்சம் கோணினாலும் அந்த எடையே இழுத்து நேராக்கிவிடும். வால்சக்கர விமானத்தில் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால். கோணினால், பின்னால் இருக்கும் எடை முன்னால் வரப் பார்க்கும். கோணல் கூடும், கூடக் கூட இன்னும் வேகமாகக் கூடும். பிசான அறுப்பு சமயத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிற டிராக்டர்காரரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும்வரை டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டுப் பின்னாலேயே வரும். ரிவர்ஸ் போட்டதும் அதற்கு ஒரு மனசு வந்துவிடும். கோணல் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஸ்டியரிங்கைத் தொட்டவர் பிழைத்தார். தெரிந்த பிறகு தொட்டவர் இறங்கி வந்து பார்க்க வேண்டும்.

விமானத்தில் அப்படி விட்டுவிட்டால் அது தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். கிரவுண்ட் லூப் என்பார்கள். இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கும். புரொப்பல்லர் தரையில் அடித்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிவரும். இதைத் தடுக்கிற வேலை காலுக்கு. வாலில் இருக்கும் ரட்டரை, உவரிக் கடற்கரைக்காரர்கள் பாஷையில் சொன்னால் சுக்கானை, இரண்டு பெடல்களால் இடமும் வலமும் ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இது அவனுக்குத் தேவையா என்ற கேள்வியையும் அவனிடமே கேட்டேன். ஏர்பஸ்ஸிலும் போயிங்கிலும் உட்காரப் போகிறவனுக்கு டெயில்வீல் கட்டாயம் இல்லை. வேலைக்கு எடுக்கிற கம்பெனி கேட்கவும் கேட்காது. வயலுக்கு மருந்து தெளிக்கும் ஏர் டிராக்டர் போன்றவற்றை ஓட்டப் போகிறவர், அலாஸ்காவில் ஆற்று மணலில் இறங்கப் போகிறவர், வித்தைப் பறத்தலில் ஆசை உள்ளவர், இவர்களுக்குத்தான் அது பிழைப்பு. மற்றவர்களுக்கு ஒரே லாபம், கால் விழித்துக்கொள்ளும். மூக்குச் சக்கரம் நம் சோம்பலை மன்னித்துவிடும். அதிலேயே பழகினால் கால் இரண்டும் தரையில் வைத்த பை மாதிரி ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. உரிமம் எடுத்து எண்பது மணி நேரம் ஓட்டிய பிறகுதான், நான் பெடலை மிதிப்பதே இல்லை என்று ஒருவர் சொல்லித் தெரிந்தது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

சின்ன வயதில் உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்போம். கம்பு சாயத் தொடங்கும் முன்பே கை நகர்ந்துவிடும். யோசித்து நகர்த்துவதில்லை. கையில் அழுத்தம் மாறுவது தெரிகிறது, கம்பு கிளம்புவதும் தெரிகிறது. இப்போது அதே கம்பை நேரே பார்க்காமல், எதிரே ஒரு போனை வைத்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டே நிறுத்திப் பாருங்கள். கையில் உறையும் போட்டுக்கொள்ளுங்கள். படம் ஒரு கணம் பிந்தி வரும். நீங்கள் திருத்தும்போது கம்பு வேறு இடத்தில் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் அதிகமாகத் திருத்துவீர்கள். நான்காவது ஆட்டத்தில் கம்பு கீழே.

வீட்டு சிமுலேட்டரில் டெயில்வீல் ஓட்டுவது ஏறக்குறைய இதுதான். நிஜ விமானத்தில் மூக்கு திரும்பத் தொடங்கும் அந்தக் கணமே இடுப்புக்கும் உள்காதுக்கும் தெரிந்துவிடும். உடம்பு உணர்வது திருப்பத்தின் தொடக்கத்தை. கண் பார்ப்பது திருப்பம் நடந்து முடிந்த பிறகு சேர்ந்த கோணத்தை. திரையில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் எப்போதுமே பிந்திப் போகிறான், பிந்துவதால் பலமாக மிதிக்கிறான், பலமாக மிதிப்பதால் மறுபக்கம் போகிறான். எனக்கு டெயில்வீல் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பின் இருக்கையில் உட்கார்ந்து, நான் கோணலைப் பார்த்துவிட்டுத் திருத்தும் ஒவ்வொரு முறையும் "தாமதம்" என்று ஒரே சொல் சொல்வார். திட்டமாட்டார். முதல் மூன்று மணி நேரம் அந்தச் சொல்லைத் தவிர வேறு எதையும் கேட்ட நினைவில்லை. நான்காவது மணி நேரத்தில் அவர் பேசுவது நின்றுபோனது. என் கால் என்னைக் கேட்காமல் அசையத் தொடங்கியிருந்தது.

ஒன்பது மணி நேரம் நிஜத்தில் ஓட்டி, தனியாக ஓட்டலாம் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கையெழுத்தும் வாங்கிய அதே ஆள், ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் முதல் டேக்ஆஃபில் ரன்வேயை விட்டுப் புல்லுக்குள் போனேன். மூன்று முறை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. விஷயம் தெரிந்த பிறகு வெட்கம் போனது. தரையில் நேராக ஓட்டும் அந்த ஒரு வேலையில் நிஜத்தைவிட சிமுலேட்டர்தான் கஷ்டம். இதில் இரண்டு ஆபத்து உண்டு. சிமுலேட்டரில் முடியவில்லையே, நமக்கு இது வராது என்று ஒரு பிள்ளை ஒதுங்கிவிடலாம். அல்லது நூறு முறை விழுந்து எழுந்து, கண்ணால் மட்டும் பார்த்துத் திருத்தும் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு, அதை நிஜ விமானத்துக்கும் கொண்டுபோகலாம். இரண்டாவதுதான் மோசம். கற்றதை மறக்கவைக்க இன்ஸ்ட்ரக்டருக்கு மணிக் கணக்கு ஆகும், அந்த மணிக்கும் காசு நம்முடையது.

இன்னொன்று பெடலின் கனம். நிஜ விமானத்தில் காற்று வேகமாக ஓடும்போது ரட்டர் பெடல் விறைப்பாக இருக்கும். இறங்கி வேகம் குறையக் குறைய அது தளர்ந்துகொண்டே வரும். இப்போது சுக்கானுக்குப் பிடி இல்லை, சின்னத் தொடுதல் போதாது, கொஞ்ச நேரத்தில் வால்சக்கரத்தையும் பிரேக்கையும்தான் நம்ப வேண்டும் என்று அந்தத் தளர்ச்சியே சொல்லிவிடும். வீட்டுப் பெடலில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நின்றாலும் பறந்தாலும் அதற்கு ஒரே கனம். தரையும் அப்படியே. புல்லில் டயர் பக்கவாட்டில் சற்று வழுக்கும், தப்பை மன்னிக்கும். தாரில் டயர் கவ்விப் பிடிக்கும், கோணலாக இறங்கினால் உடனே கேள்வி கேட்கும். இந்த வித்தியாசத்தை வீட்டு சிமுலேட்டர்கள் காட்டும் விதம் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை.

கண்ணுக்கும் குறை உண்டு. மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி இறக்குவதை த்ரீ பாயின்ட் லேண்டிங் என்பார்கள். அப்போது மூக்கு எழும்பி ஓடுபாதையை மறைத்துக்கொள்ளும். நேரே பார்த்துப் பயன் இல்லை. இரு ஓரத்துப் புல்லையும் கடைக்கண்ணால் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். உயரத்தையும் அந்த ஓரப் பார்வைதான் சொல்லும். மேசை மேல் இருக்கும் ஒரு மானிட்டரில் ஓரம் என்று ஒன்றே கிடையாது. இந்த இடத்தில் விஆர் கண்ணாடி உண்மையிலேயே உதவுகிறது. ஆழம் தெரியும், தலையைத் திருப்பி எட்டிப் பார்க்கலாம். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் இருந்தால் வியர்வை கண்ணுக்குள் இறங்கும். சிலருக்குக் குமட்டலும் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு சிமுலேட்டரே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஆர்கனும் பியானோவும் செய்கிற குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே 1929இல் ஒரு பயிற்சிப் பெட்டி செய்தார். ஆரம்பத்தில் அது கண்காட்சித் திடல்களில் வேடிக்கைப் பொருளாகத்தான் ஓடியது. 1934இல் அமெரிக்க ராணுவத்திடம் விமானத் தபாலைக் கொடுத்தார்கள். மோசமான வானிலையில் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் பல விமானிகள் இறந்தார்கள். அப்புறம்தான் ராணுவம் லிங்கின் பெட்டிகளை வாங்கியது, முதலில் ஆறு. போர்க் காலத்தில் ஒரு பையன் லிங்க் பெட்டியில் மேகத்துக்குள் பறப்பதைக் கற்றான். ஆனால் தரையில் இறங்குவதை டைகர் மாத்திலோ ஸ்டியர்மனிலோ நிஜப் புல்லில்தான் கற்றான். கண்ணும் மூளையும் செய்கிற வேலைக்குப் பெட்டி, காலும் இடுப்பும் செய்கிற வேலைக்கு விமானம். அன்று துருத்தியில் ஓடியது இன்று கிராபிக்ஸ் கார்டில் ஓடுகிறது, ஆனாலும் இந்தப் பாகப்பிரிவினை அதிகம் மாறவில்லை.

டெயில்வீலிலும் மூளைக்கு வேலை நிறைய உண்டு. காற்று முன்பக்கமாக இடதிலிருந்து வந்தால், கையால் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து முழுதாகப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும்; பின்பக்கமாக இடதிலிருந்து வந்தால் வலப்பக்கம் சாய்த்து முன்னால் தள்ள வேண்டும். தரையில் ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இது மாறும். நிஜத்தில் எஞ்சின் ஓட மீட்டர் ஓட இதை யோசித்துக்கொண்டிருப்பது காசைத் தண்ணீரில் போடுவது. வீட்டில் ஒரு வாரம் மாலை மாலை ஊர்ந்து பழகினால் தலையில் ஏறிவிடும். டேக்ஆஃபில் வால் எழும்போது சுழலும் புரொப்பல்லர் பம்பரம் மாதிரி நடந்துகொண்டு மூக்கை ஏன் இடப்பக்கம் இழுக்கிறது, வால் தாழ்ந்திருக்கும்போது இறங்கும் பிளேடு ஏன் அதிகமாகக் காற்றைக் கடிக்கிறது, இவற்றைப் படித்ததைவிட சிமுலேட்டரில் பத்து முறை பார்த்ததில் எனக்கு நன்றாகப் புரிந்தது. அமெரிக்க எஞ்சின் உள்ள பைப்பர் கப்பில் வலக்காலை மிதித்துப் பழகிவிட்டு டைகர் மாத்துக்கு மாறிப் பாருங்கள். அந்த எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவதால் இடக்கால் கேட்கும். நிஜத்தில் இந்தப் பாடத்துக்கு இரண்டு விமானம் வேண்டும்.

அதேபோல், துள்ளல். பெரிய சக்கரங்கள் பலமாகத் தரையைத் தொட்டால் பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே போடும். வால் தாழ்ந்தால் இறக்கை காற்றை அதிகம் பிடித்து விமானம் மறுபடி எழும்பும். எழும்பிய விமானத்தில் வேகம் இருக்காது. இங்கே பிடிவாதம் பிடிக்காமல், எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் திறந்து மறுபடி சுற்றி வருவதுதான் சரி. அந்த முடிவை எடுக்கும் பழக்கத்தை சிமுலேட்டரில் நூறு முறை ஏற்றிக்கொள்ளலாம், பைசா செலவில்லாமல்.

எந்த மென்பொருள் என்பதில் அதிகம் மூளையைக் குழப்ப வேண்டாம். ஃபிளைட்கியர் இலவசம், அதில் ஒரு கப் இருக்கிறது. எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் இரண்டிலும் வால்சக்கர விமானங்கள் உண்டு. டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் டிஎஃப்-51 என்ற இரண்டு இருக்கை மஸ்டாங் விமானம் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தொடங்குவது சைக்கிள் தெரியாதவன் புல்லட் எடுப்பது போல. எதை நிறுவினாலும் முதல் வேலை, தானியங்கி ரட்டர் உதவியை அணைப்பது. பெடலே இணைக்காவிட்டால் சில மென்பொருள்கள் நமக்குப் பதிலாகத் தாங்களே ரட்டரைச் சமாளித்துவிடும். என் நண்பர் ஒருவர் ஆறு மாதம் அப்படி ஓட்டிவிட்டு, டெயில்வீல் ரொம்ப லேசு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கைப்பிடியை முறுக்கி ரட்டரை அசைக்கும் ஜாய்ஸ்டிக் மலிவு. இந்த வேலைக்கு அது ஆகாது. கால் கற்க வேண்டியதைக் கை கற்றுக்கொள்ளும், பிறகு நிஜத்தில் ஸ்டிக்கை முறுக்கப் பார்க்கும். பெடல் கட்டாயம். இதில் எவரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தால், மொசைக் தரையில் நாற்காலி பின்னால் ஓடிவிடும். முதல் வாரம் ஒவ்வொரு டேக்ஆஃபிலும் நான் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க்காரர்களுக்குக் காற்றைச் சொல்லித்தர வேண்டாம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, என்ன ஆட்டம் ஆடும் என்று தெரியும். காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பது சும்மா இல்லை. அக்கா மகன் சிமுலேட்டரில் வாகைக்குளத்துத் தூத்துக்குடி விமான நிலையத்தைத் திறந்து, நிஜ வானிலையைப் போட்டு, ஆடிக் காற்றில் பக்கக் காற்று பழகலாம் என்று நினைத்திருந்தான். அந்த ஓடுபாதையின் எண் 10-28, அதாவது ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. மேல்காற்று நேராக மூக்கில் அடிக்கும், பக்கத்தில் அடிக்காது. பக்கக் காற்று வேண்டுமானால் நிஜ வானிலையை அணைத்துவிட்டு 190 பாகையிலிருந்து, அதாவது ஏறக்குறைய தெற்கிலிருந்து, காற்று வருவதாகக் கையால் அமைக்க வேண்டும். முதலில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம், அப்புறம் 8. இதில் ஸ்டிக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்து, எதிர்க்காலால் மூக்கை நேராக்கி, ஒரு சக்கரத்தில் இறங்கும் ஒழுங்கு மனதில் பதியும். கடைசி இரண்டு அடியில் காற்று தட்டும்போது உடம்பு என்ன செய்யும் என்பது மட்டும் அங்கே போய்த்தான் தெரியும்.

சிமுலேட்டர் ஏற்றிவிடும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும் 'ஆச்சு' என்று விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். வால்சக்கரத்தில் ஆபத்து தொடங்குவதே அங்கேதான். வேகம் பாதியாகி, சுக்கான் பிடி விட்டு, நாமும் மூச்சு விட்டுக் காலைத் தளர்த்தும் அந்த நேரத்தில் வால் முன்னால் வரப் பார்க்கும். எட்டாவது மணி நேரத்தில் எனக்கு அதுதான் நடந்தது. அருமையான லேண்டிங். நானே என்னை மெச்சிக்கொண்டேன். அடுத்த நொடி விமானம் இடப்பக்கம் கிளம்பியது. பின்னாலிருந்த கால் ஒன்று வலப் பெடலை ஓங்கி மிதிக்காவிட்டால் இறக்கை போயிருக்கும். அன்று நான் பயந்த பயம் நான்கு வருட சிமுலேட்டரில் ஒருநாளும் வந்ததில்லை. சிமுலேட்டரில் ஓட்டினால், நின்று, திரும்பி, ஊர்ந்து வந்து, எஞ்சினை அணைக்கும்வரை ஓட்ட வேண்டும். அது முடியாவிட்டால் ஓட்டாமலே இருக்கலாம்.

இனி பணம். சட்டத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் வால்சக்கர விமானத்தைத் தனியாக ஓட்ட இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து வேண்டும். 61.31 என்ற விதி, அந்தப் பயிற்சி வால்சக்கர விமானத்திலேயே நடந்திருக்க வேண்டும் என்கிறது. சாதாரண இறக்கம், பக்கக் காற்று இறக்கம், பெரிய சக்கரங்களில் மட்டும் தொட்டு இறங்கும் வீல் லேண்டிங், இறங்காமல் திரும்ப எழும்புவது, எல்லாம் அதில் அடங்கும். இத்தனை மணி நேரம் என்று கணக்கு இல்லை. கை வந்துவிட்டது என்று அவர் நம்பினால் கையெழுத்து. பொதுவாக ஐந்திலிருந்து பத்து மணி நேரம் ஆகும். வீட்டு சிமுலேட்டரில் ஆயிரம் மணி ஓட்டினாலும் அந்தக் கையெழுத்தின் இடத்தில் ஒரு புள்ளிகூட விழாது.

அவன் சேரப்போகும் ஊரில் விசாரித்துச் சொன்ன விலை, விமானமும் இன்ஸ்ட்ரக்டரும் சேர்ந்து மணிக்கு 220 டாலர். எட்டு மணிக்கு 1,760 டாலர், நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். அவன் வாங்க நினைத்த சிமுலேட்டர் சாமான்களுக்கும் அதே தொகைதான். அவன் இரண்டையும் தராசில் வைத்துச் சமம் என்றான். அங்கேதான் தவறு. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வால்சக்கரத்தில் பறந்த எட்டு மணி அந்த மொத்தத்தில் சேரும், எப்படியும் ஏதாவது ஒரு விமானத்தில் அவன் காசு கொடுத்துப் பறக்க வேண்டிய மணிகள்தான் அவை. செஸ்னாவுக்கும் சிட்டாப்ரியாவுக்கும் வாடகையில் இருக்கும் வித்தியாசம் மட்டும்தான் உண்மையான கூடுதல் செலவு. வீட்டு சிமுலேட்டர் மணி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மூன்று வருடத்தில் கிராபிக்ஸ் கார்டும் பாதி விலைக்குக்கூட விலைபோகாது.

ஆக, அவனைப் போல ஓராண்டில் நிஜ ஓடுபாதைக்குப் போகிறவனுக்கு என் யோசனை: வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும், பெடல் மட்டும் வாங்கு, விஆர் வேண்டாம். கிளம்பும் முன் இரண்டு மாதம் தலைக்கான பாடங்களை மட்டும் பழகு. நேராக ஓடவில்லையே என்று அழாதே. மீதிப் பணத்தைத் தொடாதே. அங்கே போய் மூக்குச் சக்கரத்தில் தனியார் உரிமம் எடுத்த கையோடு டெயில்வீலுக்குப் போ, கால் தூங்கிப்போவதற்கு முன். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்தும் பள்ளியைவிட, புல் ஓடுபாதையும் தார் ஓடுபாதையும் இரண்டும் உள்ள இடத்தைத் தேடு, பக்கக் காற்று அடிக்கும் ஒரு நாளாவது உன்னை வெளியே அழைத்துப் போவார்களா என்று கேள். கையெழுத்து வாங்கிய பிறகு தனியாக வாடகைக்குத் தருவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடு. இன்ஷூரன்ஸுக்காகப் பல இடங்களில் அவ்வளவு சீக்கிரம் தரமாட்டார்கள்.

நிஜ விமானத்துக்கு எந்த நாளும் போகப்போவதில்லை, ஆசை மட்டும் உண்டு என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. தாராளமாக விஆர் வரைக்கும் வாங்குங்கள். பாபநாசத்து மலை மேலே காலைப் பனியில் கப் ஓட்டுவதைவிட அந்தப் பணத்துக்கு நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே டெயில்வீல் பழகி, என்னைப் போல் தரைக்கு வந்துவிட்டவர்களுக்கும் சிமுலேட்டர் நன்றாக உதவும். இடுப்பு நினைவில் வைத்திருப்பதைத் திரை எழுப்பிவிடும். புதிதாக அது எதையும் இடுப்புக்குச் சொல்லித்தராது.

மதுரையில் ஒருவரிடம் பழைய பெடல் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது என்று போன வாரம் போன் பண்ணினான். முதல் நாளே தாழ்வாரம் வரை போய்விட்டானாம். நாற்காலிக்கும் மேசைக்கால்களுக்கும் சேர்த்து ஒரு கொடிக்கயிறு கட்டச் சொல்லியிருக்கிறேன்.